கடலுக்குப் போனவர் ஒன்லைனில் இருந்தார்

நம்முடைய ஒபிசில் போன் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் ஏதாவது சொல்லித்தாருங்கள் என்று முதலாளி கேட்டார். ரவுட்டரில் எந்த லைட் எரிந்தால் என்ன அர்த்தம், எந்த வயரைக் கழற்றி எதில் மாட்டச் சொல்வது என்பதெல்லாம் ஒரு கிழமைக்குள் உங்களுக்குப் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. வலது காது மந்தமாகிப் போனதால் வேலையை விட்டவள் நான். இத்தனை வருடமும் அந்தக் காதால் கேட்டவற்றில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

நமக்கு எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இணையத்தைப் பற்றிக் கேட்க எடுப்பதில்லை. டோஹாவில் இருக்கும் மகனின் முகம் வீடியோவில் தலைகீழாகத் தெரிகிறது என்று ஒரு உம்மா எடுப்பார். அட்டாளைச்சேனையிலிருந்து ஓர் ஆசிரியர், கீபோர்டில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று கேட்பார். மாவடிப்பள்ளியில் ஒருவர் லெப்டொப்புக்குள் தேநீரை ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே எனக்குப் போன் எடுத்தார். ‘ராத்தா, சொட்டுச் சொட்டா ஊத்துது, நிப்பாட்டுறதா ஊத்த விடுறதா?’ என்றார். என்னை அக்கா முறையில் ராத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர்களுக்குக் கொம்பியூட்டர் தெரிந்த ஆட்கள் என்றால் நாம்தான். நம்முடைய நம்பர்தான் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் மின்சாரத்தில் மினுங்குகிற எந்தச் சாமானும் நம்முடையது என்றே நினைக்கிறார்கள்.

‘அது எங்கட வேலை இல்ல’ என்று சொல்ல உங்களுக்குக் கற்றுத்தருவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பல நேரம் அதுதான் சரியான பதிலும்கூட. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியாத அழைப்பு ஒன்று எனக்கு வந்தது.

நிந்தவூரில் சலீம் என்று ஒரு வாடிக்கையாளர் இருந்தார். சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருந்தார். பின்னேரம் கடலுக்குப் போய் விடிய வருகிற ஒருநாள் தொழில். கூடப் போவது பாண்டிருப்பு யோகன். இரண்டு பேரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட்டாளிகள் என்று சலீமே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மகள் சஜா உயர்தரம் படிக்கத் தொடங்கியபோது, அவளுடைய வகுப்புகளுக்காக நம்மிடம் இணைப்பு எடுத்தார். எடுத்த நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி இல்லை. நான் அவருடைய முகத்தைக் கண்டதே இல்லை. குரலை மட்டும் தெரியும். கடற்கரையில் நின்று பேசிப் பழகிய ஆட்களுக்கு உரிய உரத்த குரல். ‘ராத்தா, ஒரு சந்தேகம்’ என்றுதான் தொடங்குவார். சந்தேகம் தீர்ந்ததும், ‘உங்கட கைக்கு மீன் தரணும், எங்க வாறீங்க?’ என்பார்.

கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. கச்சான் தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பின்னேரம் புறப்பட்ட சலீமும் யோகனும் அடுத்த நாள் விடிய வரவில்லை. மத்தியானமாகியும் வரவில்லை. நிந்தவூர்ப் படகுகளும் காரைதீவுப் படகுகளும் தேடிப் போயின. கடற்படைக்கும் அறிவித்தார்கள். நம்முடைய ஒபிசிலும் அந்தச் செய்தியைப் பற்றித்தான் பேச்சு. நான் அவருடைய பெயரைக் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்தேன். எதற்கென்று தெரியாது. நிலுவை இல்லை, முறைப்பாடு இல்லை என்று இருந்தது. அவ்வளவுதான் நம்மிடம் ஒரு மனிதனைப் பற்றி இருப்பது.

சில நாட்கள் கழித்து, காலையில் ஒரு பெண் போன் எடுத்தார். மிக மெதுவான குரல்.

‘ராத்தா, நான் சலீம்ட வீட்டிலிருந்து கதைக்கிறன். அவர்ட பொஞ்சாதி ஹலீமா. எங்கட லைன்ல ஏதும் பிழை இரிக்கா எண்டு பார்த்துச் சொல்றீங்களா?’

பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. ‘நல்லா இரிக்கி புள்ள. ஏன், ஒண்டும் திறக்குதில்லையா?’

‘இல்ல ராத்தா. எல்லாம் திறக்குது. அவர்ட மெசேஜ் மட்டும்தான் வருகுதில்ல.’

எனக்கு விளங்கவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. அவரே சொன்னார்.

‘அவர் வட்ஸ்அப்ல வாறார் ராத்தா. முந்தாநாளும் வந்தார், நேத்தும் வந்தார். ஒன்லைன் எண்டு காட்டுது. நான் அனுப்பின எல்லாத்துக்கும் முதல்ல ஒரு சரி அடையாளம்தான் இருந்த. இப்ப ரெண்டு சரி விழுந்திரிக்கி. அவருக்குப் போய்ச் சேர்ந்திட்டு. அவர் எழுதுறது எனக்கு வந்து சேருதில்ல. உங்கட லைன்லதான் எங்கயோ நிக்குது. கொஞ்சம் பார்த்து எடுத்துவிடுங்க ராத்தா.’

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றுதான் வாயில் வந்தது. போன் வேலை செய்கிறதென்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். வேறு என்ன நினைக்க முடியும்? ஆனால் அடுத்ததாக அவர் சொன்னது மனதில் தடக்கியது.

‘சிக்னல் இருக்கிற இடத்திலதானே ஒன்லைன் வரலாம்? அதனால கரையோரமாத்தான் இருப்பார் எண்டு எங்கட மச்சான் சொன்னார். படகெல்லாத்தையும் வடக்கால கரையப் பிடிச்சுத் தேட அனுப்பிட்டாங்க. வாழைச்சேனை, வாகரைப் பக்கம்.’

கரையோரமாக இருந்தால் ஏன் கரைக்கு வரவில்லை? மெசேஜ் கிடைக்கிற மனிதன் ஏன் ஒருவருக்கும் ஒரு அழைப்பு எடுக்கவில்லை? போன் வேறு யாருடைய கையிலாவது இருக்குமோ என்றும் நினைத்தேன். இதையெல்லாம் அவரிடம் கேட்கவில்லை. ஆள் அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

டெக்னீசியன்மார் இரண்டு பேரும் வேறு ஊர்களில் நின்றார்கள். அதோடு, அந்த வீடு இப்போது முழுக்கப் பெண்களாக இருக்கும். கருவிப் பையோடு ஒரு ஆண்பிள்ளை உள்ளே போய் நிற்பது சரியில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, பின்னேரம் நானே பஸ் ஏறினேன். அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் ஆண்கள் கதிரை போட்டு இருந்தார்கள். உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹலீமா சுவரோரம் பாயில் இருந்தார். மெலிந்த பெண். போனுக்குச் சார்ஜர் வயரை மாட்டியபடியே கையில் வைத்திருந்தார். வயர் எட்டுகிற தூரத்துக்கு மேல் அவர் நகரவில்லை. சாப்பிடவும் அங்கேயேதான் என்று பக்கத்திலிருந்த ஒரு பெண் சொன்னார்.

போனை எனக்குக் காட்டினார். வரிசையாக அவருடைய மெசேஜ்கள். ‘எங்க இரிக்கீங்க.’ ‘யோகன் நல்லா இரிக்காரா.’ ‘தண்ணி இரிக்கா.’ ‘பேசாட்டிப் பரவால்ல ஒரு புள்ளி மட்டும் போடுங்க.’ ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சரி.

‘எத்தன மணிக்கு வாறார்?’ என்று கேட்டேன்.

‘பின்னேரம்தான் ராத்தா. அசர் தொழுதாப் பிறகு. கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போயிடுறார். சார்ஜ் மிச்சம் புடிக்கிறார் போல.’

இரண்டு நாளும் ஒரே நேரம். கடலில் தத்தளிக்கிற மனிதன் நேரம் பார்த்து வருவதில்லை. முகத்தில் காட்டாமல் ரவுட்டரைப் பார்த்தேன். எல்லா லைட்டும் ஒழுங்காக எரிந்தன. ‘கொம்பியூட்டரையும் ஒருக்காப் பார்ப்பமா?’ என்றேன்.

கொம்பியூட்டர் சஜாவின் அறையில் இருந்தது. சஜா நல்ல உயரமான பிள்ளை. அழுது அழுது கண் இரண்டும் சிவந்திருந்தன. ‘நானும் போடத்தான் இருந்தன் ராத்தா’ என்றாள். ‘பின்னேரத்தில போட்டு நியூஸ் பார்ப்பன். எங்கயாச்சும் படகு கிடைச்ச எண்டு போட்டிருப்பாங்களா எண்டு. மாலைதீவில எல்லாம் நம்மட ஆக்கள் கரை சேர்ந்திரிக்காங்களே.’

‘முதல் நாளிலிருந்தே பார்க்கிறயா மகள்?’

‘இல்ல. முதல்ல இந்த அறைக்குள்ளயே வரல்ல. முந்தாநாள்லிருந்துதான்.’

முந்தாநாள். ஹலீமா சொன்ன அதே நாள். அவள் பட்டனை அழுத்தினாள். கொம்பியூட்டர் மெதுவாக எழும்பியது. அவள் பிரவுசரைத் திறந்தாள். கடைசியாகத் திறந்திருந்த பக்கங்கள் எல்லாம் தாமாகவே ஒவ்வொன்றாகத் திறந்தன. செய்திப் பக்கம், வகுப்புப் பக்கம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம். ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒன்று; சஜா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதை நான் அழுத்தினேன்.

வெளி அறையில் ஓதல் சட்டென்று நின்றது. ஒரு பெண் கத்தினாள்.

‘வந்திட்டார்! ஹலீமா, வந்திட்டார்டி! ஒன்லைன் காட்டுது!’

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் அழுதார்கள். யாரோ வாசலுக்கு ஓடிப்போய் ஆண்களிடம் சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த ஸ்கிரீனில் சலீமின் வட்ஸ்அப் விரிந்து கிடந்தது. அதன் உச்சியில் ஹலீமாவின் பெயர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது.

‘சாப்பிட்டீங்களா.’

அந்த வீட்டின் அடுத்த அறையில் இருந்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஹலீமா எழுதிய வரி. எனக்கும் சஜாவுக்கும் முன்னால் வந்து நின்றது.

நோன்பு காலம் ஒன்றில் சலீம் எனக்குப் போன் எடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘ராத்தா, ஒரு சந்தேகம். கண்ணு மங்கிட்டு. யாவாரிமாருக்கு அனுப்புற மீன் படத்த பெரிய ஸ்கிரீன்ல பார்க்க வழி இல்லையா?’ போனில் இருப்பதைக் கொம்பியூட்டரில் இணைப்பது எப்படி என்று நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்படி ஒருமுறை இணைத்துவிட்டால், போன் அணைந்துபோனாலும் சில நாட்களுக்குக் கொம்பியூட்டரில் அது தொடர்ந்து வேலை செய்யும். யார் திறந்தாலும் மற்றவர்களுக்கு அவரே ஒன்லைனில் இருப்பதாகக் காட்டும். மெசேஜ் அனுப்பினால் இரண்டு சரி விழும். போன் கடலுக்கடியில் கிடந்தாலும் விழும்.

சஜா வாயைப் பொத்திக்கொண்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘நானா ராத்தா?’ என்றாள். ‘நான்தான் வாப்பாவா?’

அவளை அணைத்துக்கொண்டேன். ‘நீ ஒரு பிழையும் செய்யல்ல மகள். நீ வாப்பாவத் தேடினாய். அவ்வளவுதான்’ என்றேன்.

‘உம்மாக்குச் சொல்லாதீங்க. அல்லாஹ்க்காகச் சொல்லாதீங்க ராத்தா. நான் ஒவ்வொரு நாளும் இப்பிடியே போட்டு வைக்கிறன். உம்மா சோறு தின்னட்டும். நேத்துத்தான் ரெண்டு வாய் திண்டா.’

கதவைச் சாத்திவிட்டு முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

‘ரவுட்டர் ஓகே எண்டு சொல்லிட்டு வாங்க ராத்தா. மிச்சம் எங்கட வேலை இல்ல. நாளைக்கு அந்த மனிசன் வந்து இறங்கினா, இண்டர்நெட்காரி வந்து ஆள மௌத்தாக்கிட்டுப் போனாள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லும்.’

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சலீம் இறந்துவிட்டார் என்று எனக்கும் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு நாங்கள் வைத்திருந்த ஒரே அடையாளம் பொய் என்பது மட்டும்தான் தெரியும். நான் சஜாவின் கட்டிலில் இருந்து யோசித்தேன். சஜா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் எழும்பிப் போனால் இந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு பெண் இரண்டு வாய் சோறு தின்பாள். ஆனால் படகுகள் எல்லாம் வடக்கே, கரையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன. போன் டவருக்குப் பக்கத்தில் இல்லையென்றால் அவர்கள் கரையோரத்தில் இல்லை. எஞ்சின் நின்ற படகைக் கச்சான் நேரே கிழக்கே, ஆழத்துக்குத்தான் தள்ளியிருக்கும். அங்கே தேட ஒருவரும் இல்லை. படகில் இருந்தது சலீம் மட்டும் இல்லை. பாண்டிருப்பில் இன்னொரு வீடும் காத்துக்கொண்டிருந்தது.

சஜாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு வாசலுக்குப் போனேன். ஹலீமா சொன்ன அந்த மச்சானை, சலீமின் மூத்த சகோதரரான காக்காவைத் தனியே கூப்பிட்டேன். தேடுதலை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

‘உங்கள லைன் பார்க்கத்தானே கூப்பிட்ட? இதெல்லாம் யாரு கேட்ட உங்கக்கிட்ட?’

‘காக்கா, நீங்களே வந்து பாருங்க. உள்ளுக்கு எழுதுறது உள்ளுக்கே வருகுது.’

வந்து பார்த்தார். அவர் பார்க்கும்போது ஸ்கிரீனில் இன்னொரு வரி வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பவும் கிணற்றடிக்கு வந்தோம். இப்போது குரலில் கோபம் இல்லை.

‘ராத்தா, நான் ஒண்டு சொல்றன். ஆள் உசிரோட இரிக்கார் எண்டுதான் இத்தன படகும் ஓடுது. போன் பொய் எண்டு நான் சொன்னா எல்லாரும் கைய விட்டுருவாங்க. இண்டைக்கே திரும்பி வந்துருவாங்க. ஒரு பொய்யில தேடுறாங்க, தேடட்டுமே.’

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

‘தேடுறாங்க காக்கா. இல்லாத இடத்திலதான் தேடுறாங்க.’

காக்கா போனை எடுத்தார். யாரிடமோ, ‘வடக்க விடுங்க, கிழக்கால அடிக்கச் சொல்லுங்க, ஆழ்கடல் போட்டுகளுக்கு வயர்லெஸ்ல சொல்லுங்க’ என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். ‘அந்தப் போன் கதை பிழ’ என்றார். போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் பேசினேன்.

ஹலீமாவுக்கு யார் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால் போனில் சொல்லாதீர்கள். சுற்றிவளைக்கவும் வேண்டாம். ‘டிவைஸ்’, ‘சேர்வர்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். அந்த ஆளே தன் கண்ணால் பார்க்கட்டும். பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அதைத்தான் செய்தேன்.

ஹலீமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினேன். சார்ஜர் வயரைக் கழற்றும்போது ஒருமுறை என்னைப் பார்த்தார். ‘புள்ள, உங்கட போன்ல ஏதாவது ஒண்டு எழுதுங்க’ என்றேன். அவர் ‘என்ன’ என்று எழுதினார். ஸ்கிரீனில் ‘என்ன’ என்று வந்தது. அவர் ஸ்கிரீனைப் பார்த்தார், போனைப் பார்த்தார். திரும்பவும் எதையோ எழுதினார். அதுவும் வந்தது. மூன்றாவது தடவை அவர் எழுதியது அவருடைய கணவரின் பெயர். அதுவும் வந்து நின்றது. பதில் எழுத அந்தப் பக்கம் ஒருவரும் இருக்கவில்லை.

‘இது எங்கட வீட்டுக் கொம்பியூட்டர்தானே’ என்றார்.

‘ஓம் புள்ள.’

‘அப்ப நான் இஞ்சயே எழுதி இஞ்சயே அனுப்பியிரிக்கன்.’

‘ஓம்.’

அவர் அழவில்லை. மடியில் போனை வைத்தார். அந்த நாட்களில் முதல் தடவையாக அதைக் கையை விட்டு வைக்கிறார் என்று சஜா பிறகு சொன்னாள். ‘இத யாரு போட்ட?’ என்று கேட்டார். சஜா என் பின்னால் ஒதுங்கினாள். நான் முந்திக்கொண்டு, ‘அது தானாத் திறக்குது புள்ள, யாரும் போடல்ல’ என்றேன். பாதி உண்மை. அதற்கு மேல் அந்தப் பிள்ளையின் தலையில் எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹலீமா மகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கையை நீட்டி மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் சஜா சத்தம் போட்டு அழுதாள். நான் வெளியே வந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ரோட்டில் ஆட்கள் ஒன்றும் அறியாமல் போய்வந்து கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் யாரோ, ‘நிந்தவூர் ஆள் இண்டைக்கும் ஒன்லைன் வந்தாராம், இன்ஷா அல்லாஹ் வந்திருவார்’ என்று சொல்வது கேட்டது. அதையும் திருத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வாழைச்சேனையிலிருந்து போன ஓர் ஆழ்கடல் படகு, மிகத் தூரத்தில், கிழக்கே, அவர்களுடைய படகைக் கண்டது. வயர்லெஸ்ஸில் செய்தி கிடைத்துத் திசை மாறித் தேடிப் போன படகு அது. உள்ளே யோகன் மட்டும் இருந்தார். பேச முடியாமல், உதடெல்லாம் வெடித்து, உயிரோடு இருந்தார்.

தேறிய பிறகு யோகன் சொன்னார். புறப்பட்ட இரவே புரொப்பெல்லரில் வலைக் கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டதாம். விடிந்ததும் கயிற்றை வெட்ட சலீம் தண்ணீருக்குள் இறங்கினாராம். கடல் கொந்தளிப்பாக இருந்தது. ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டதில் சலீமின் தலையில் அடிபட்டது. யோகன் குதித்துத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் எப்படித் திரும்பப் படகில் ஏறினார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஆக, வீட்டில் முதல் தடவை ‘ஒன்லைன்’ என்று காட்டியபோது சலீம் போய்ச் சேர்ந்து நாட்களாகியிருந்தன. உடல் கிடைக்காததால் ஜனாஸா இல்லாமலே பள்ளிவாசலில் தொழுகை நடத்தினார்கள்.

யோகனின் மனைவி ஒருநாள் நம்முடைய ஒபிசுக்கு வந்தார். பெயர் ரஞ்சி. யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். என் மேசைக்கு முன்னால் நின்று, ‘நீங்கதானே அக்கா?’ என்று மட்டும் கேட்டார். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒபிசில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளியும் பார்த்தார். அன்றைக்கு எல்லோரும் என்னை மெச்சினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ரஞ்சியின் கைச்சூடு என் கையில் இருக்கும்போதே நான் நிந்தவூரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. இந்த வேலையில் உங்களுக்கும் ஆகாமல் போகலாம். அதற்காக அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வீட்டின் ஆறுதல் இன்னொரு வீட்டின் உயிரை விலையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பார்த்து முடிவெடுத்த பிறகு, நன்றிக்காகக் காத்திருக்காதீர்கள்.

கணவரை இழந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் ஹலீமா இருந்த காலத்தில் நான் போனேன். போகத் துணிவு வர நாளாகியது. அதே அறை, அதே பாய். வெள்ளை உடுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் இருந்தேன். சஜா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

‘யோகன் வந்தார்’ என்றார் ஹலீமா. ‘அந்தத் திரைக்கு அங்கால நிண்டு எல்லாம் சொன்னார். அழுதழுது சொன்னார். நடக்கவே ஏலாம வந்தார் பாவம்.’

‘ஓம்.’

‘நீங்க வந்ததாலதான் அவர் கிடைச்சாராம். மச்சானும் சொன்னார்.’

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

‘எனக்கு அது விளங்குது ராத்தா. நீங்க செஞ்சது சரி. யோகன்ட பொம்புளயும் நாலு புள்ளயோட இருக்கிறவதானே. நான் உங்களுக்குத் துஆ செய்யிறன்.’ தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தார். ‘ஆனா, நீங்க வராட்டி இன்னும் கொஞ்ச நாள் எனக்கு அவர் உசிரோட இருந்திருப்பார். அத நினைக்காம என்னால இருக்க ஏலாம இரிக்கி. உங்கள மன்னிக்கணும் எண்டுதான் நினைக்கன். மன்னிக்க வருகுதில்ல.’

‘வராட்டிப் பரவால்ல புள்ள’ என்றேன். ‘வராமலே இருக்கட்டும்.’

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து அழுதார். யாரை மன்னிக்க முடியவில்லையோ அந்த ஆளின் தோளிலேயே அழுதார். அசர் பாங்கு சொல்லும்வரை நான் அசையவில்லை.

பாங்கு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். தொழுகைப் பாயை விரித்தார். ‘இன்னொரு நாளைக்கு வாங்க ராத்தா’ என்றார். அவர் தக்பீர் கட்டியதும், காலடிச் சத்தம் கேட்காமல் நான் வெளியே வந்தேன்.